கொத்தமல்லித் தழையா, உருளைக்கிழங்கா? 100 கிராம் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

கேள்வி இதுதான்: "சத்து அட்டவணையில் கொத்தமல்லித் தழையையும் உருளைக்கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வைட்டமின் சி, பொட்டாசியம், இரும்பு, கால்சியம் எல்லாவற்றிலும் தழைதான் மேலே நிற்கிறது. கலோரியோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உருளைக்கிழங்கை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தழையைச் சேர்த்துக்கொண்டால் சத்து கூடுமா? கிழங்கு வெறும் மாவுதானே?"

அட்டவணையை நீங்கள் படித்த விதத்தில் பிழை இல்லை. பச்சையாக 100 கிராம் எடுத்தால் தழையில் 23 கலோரி, கிழங்கில் 77. வைட்டமின் சி தழையில் 27 மில்லிகிராம், கிழங்கில் 20. பொட்டாசியம் 521க்கு 425. இரும்பு 1.8க்கு 0.8. கால்சியம் 67க்கு 12. வைட்டமின் ஏ தழையில் 337 மைக்ரோகிராம், கிழங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வைட்டமின் கே 310க்கு 2. இந்தப் பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் தழைதான் சத்து என்று தோன்றும்.

இனி ஒரு சிறு வேலை செய்யுங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடையைச் சுழியமாக்குங்கள். வழக்கமாகத் தூவுகிற அளவு தழையைக் கழுவி, நீரை நன்றாக உதறி, பொடியாக நறுக்கி அதில் போடுங்கள். கிண்ணத்தின் அடி மறைந்துவிடும், பார்க்க நிறைய இருப்பதுபோல் தெரியும். ஆனால் தராசு 4 அல்லது 5 கிராம்தான் காட்டும். தாராளமாக ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாலும் 8, 10 கிராம்தான். நறுக்கிய தழை ஒரு கோப்பை நிறைய எடுத்தால் 16 கிராம் அளவில் நிற்கும். அப்படியென்றால் அட்டவணை சொல்கிற 100 கிராம் என்பது ஆறு கோப்பைத் தழை. ஒரு வேளையில் அதை யார் சாப்பிடுகிறார்கள்?

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நடுத்தரமான ஓர் உருளைக்கிழங்கை வையுங்கள். 150 கிராம் காட்டும். அது ஒருவர் ஒரு வேளைக்குச் சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவு.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டு எடைக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஒரே தட்டுக்கு ஒன்று 10 கிராம் வருகிறது, இன்னொன்று 150 கிராம் வருகிறது. இரண்டையும் 100 கிராமுக்கு இழுத்து வைத்து ஒப்பிட்டால் தழையைப் பத்து மடங்கு பெருக்கியும் கிழங்கை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் பார்க்கிறோம். வாயில் போகிற அளவை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டால் பாதிக்கு மேல் தலைகீழாகிவிடும்.

தோலோடு வேகவைத்த 150 கிராம் கிழங்கில் வைட்டமின் சி ஏறத்தாழ 20 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். வெந்ததில் போனது போக மிஞ்சியதைத்தான் சொல்கிறேன். 10 கிராம் பச்சைத் தழையில் இருப்பது 2.7. ஏழு மடங்கு வித்தியாசம், அதுவும் கிழங்கின் பக்கம். பொட்டாசியம் கிழங்கில் 570 மில்லிகிராம், தழையில் 52. இரும்பைப் பாருங்கள்: வேகவைத்துத் தோலுரித்த கிழங்கில் அது பச்சைக் கிழங்கில் இருப்பதைவிடக் குறைந்து 0.5 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும், அப்போதும் தழையின் 0.18ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். கால்சியத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், இரண்டுமே சொல்லிக்கொள்கிற அளவு இல்லை. வைட்டமின் பி6 கிழங்கில் 0.45 மில்லிகிராம் கிடைக்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் 1.3 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு அது. கிழங்கில் இது இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

இந்தக் கணக்கை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட ஒருவர் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்தார். உங்களைப் போலவே அட்டவணையைக் கவனமாகப் படித்தவர். தழையில் 521 என்று பார்த்ததும் அதை அடியோடு நிறுத்திவிட்டார். தூவிச் சாப்பிட்ட 5 கிராமில் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது 26 மில்லிகிராம். 425 என்றிருந்த கிழங்கு அவர் கண்ணுக்குப் பாதுகாப்பாகப் பட்டது. தினமும் இரண்டு கிழங்கு, தோலோடு. 1,100 மில்லிகிராமுக்கு மேல். உணவில் மணம் தருகிற ஒரே பொருளையும் விட்டுவிட்டு, உண்மையில் அளக்க வேண்டியதை அளக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னது இதுதான்: தழையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிழங்கின் அளவைக் குறையுங்கள், தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பொட்டாசியத்தில் ஏறத்தாழ பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். வெறுமனே ஊறவைத்தால் அவ்வளவு போகாது, கொதித்தால்தான் போகும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தோலோடு முழுசாக வேகவைத்தால் பொட்டாசியமும் வைட்டமின் சியும் உள்ளேயே தங்கும். தோல் சீவி வேகவைத்த கிழங்கில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராம் வைட்டமின் சிதான் மிஞ்சுகிறது, தோலோடு வேகவைத்ததில் 13.

அப்படியானால் தழைக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பெரிதாகவே இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில்.

10 கிராம் தழையில் வைட்டமின் கே 31 மைக்ரோகிராம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 90, ஆண்களுக்கு 120 போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடித் தழை ஒரு பெண்ணின் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடுகிறது. 150 கிராம் கிழங்கிலிருந்து வருவது 3 மைக்ரோகிராம்கூடத் தேறுமா என்பதே கேள்வி. வைட்டமின் ஏ கணக்கில் அதே கைப்பிடி 34 மைக்ரோகிராம் தருகிறது, ஒரு நாள் தேவையில் 5 விழுக்காடு. சிறிய எண்தான். ஆனால் தினமும் இரண்டு வேளை சேர்க்கிறவருக்கு அது கூடிக்கொண்டே போகும், கிழங்கிலோ எத்தனை வேளை சாப்பிட்டாலும் சுழியம்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால், அட்டவணையை விட்டுவிட்டுச் செடியைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இலை என்பது செடி வேலை செய்கிற இடம். வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக மாற்றும் பட்டறை. அந்தப் பட்டறைக்குக் கருவிகள் வேண்டும். பச்சையம் வேண்டும், அதன் நடுவில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. பிடித்த ஒளியாற்றலில் எலக்ட்ரானைக் கைமாற்றிவிட ஒரு மூலக்கூறு வேண்டும், அதுதான் நாம் வைட்டமின் கே என்று அழைப்பது. அதிக வெயிலில் பட்டறையே கருகிப்போகாமல் காக்க பீட்டா கரோட்டின் வேண்டும், அதை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. நாம் இலையைத் தின்னும்போது அந்தக் கருவிகளைத் தின்கிறோம். அதனால்தான் கொத்தமல்லி மட்டுமல்ல, புதினா, பார்ஸ்லி (கொத்தமல்லி போன்ற ஒரு மேலைநாட்டுத் தழை), எந்தப் பச்சை இலையை எடுத்தாலும் வைட்டமின் கேயும் கரோட்டினும் தவறாமல் இருக்கின்றன.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் களஞ்சியம். அங்கே வெளிச்சம் இல்லை, ஒளிச்சேர்க்கை இல்லை, அந்தக் கருவிகளுக்கு வேலையும் இல்லை. பட்டறையில் செய்த சர்க்கரையை மாவாகக் கட்டி அடுத்த முளைக்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. முளை வளர வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ், வைட்டமின் சி, பி6 என்று கூடவே வைத்திருக்கிறது. 'வெறும் மாவு' என்ற வார்த்தை சுத்தப்படுத்திய ஸ்டார்ச்சுக்குப் பொருந்தும், முழுக் கிழங்குக்குப் பொருந்தாது.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. அயர்லாந்தின் ஏழைகள் உருளைக்கிழங்கையும் கொஞ்சம் பாலையும் வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தார்கள். 1845இல் கருகல் நோய் வந்து பயிர் அழிந்தபோது, பட்டினியோடு சேர்ந்து, வைட்டமின் சி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோயும் அங்கே தலைகாட்டியது. அதுவரை அவர்களுக்கு வைட்டமின் சி தந்துகொண்டிருந்தது அந்தக் கிழங்குதான். 1928இல் வெளியான ஓர் ஆய்வில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 167 நாட்கள் ஏறக்குறைய உருளைக்கிழங்கையும் கொஞ்சம் கொழுப்பையும் மட்டுமே உண்டு வாழ்ந்தார்கள். புரதத்துக்கு வேறு வழியே இல்லை. ஆனாலும் உடலின் நைட்ரஜன் சமநிலை, அதாவது புரதத்தின் வரவு செலவு, குலையவில்லை. 100 கிராமுக்கு 2 கிராம் புரதம் என்று கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் அதன் கலோரியில் பத்தில் ஒரு பங்கு புரதத்திலிருந்து வருகிறது, தரமும் நல்ல தரம். யாரும் இப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் ஆளைத் தாங்கிய ஓர் உணவை வெறும் மாவு என்று ஒதுக்குவது நியாயமில்லை என்கிறேன்.

வயிறு நிறைவதையும் கணக்கில் எடுங்கள். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை எவ்வளவு நிறைவாக இருந்தது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால், வேகவைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடத்தில் நின்றது. எடை குறைக்க வேண்டும் என்று முதலில் கிழங்கைத் துரத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உங்கள் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரு கிழங்கு தரும் 130 கலோரியைத் தழையிலிருந்து எடுக்க 560 கிராமுக்கு மேல் வேண்டும். கோப்பைக் கணக்கில் முப்பத்தைந்து. நடக்காது. கிழங்கை எடுத்துவிட்டுத் தழையை வைத்தால் தட்டில் ஒரு வெற்றிடம் விழும். அந்தப் பசியை அடைக்க வேறு ஏதோ ஒன்று வரும். பெரும்பாலும் அது கிழங்கைவிடச் சத்துக் குறைந்ததாகத்தான் இருக்கும்.

கிழங்கின் மேல் நியாயமான புகார்களும் உண்டு. சூடாக வேகவைத்து மசித்த கிழங்கு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும், பருப்பு, முட்டை, தயிர் போல ஏதாவது புரதத்தோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். வேகவைத்து ஆறவிட்டுக் குளிரவைத்தால் மாவின் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத வகையாக மாறுகிறது. திரும்பச் சூடாக்கினாலும் அதில் ஒரு பங்கு அப்படியே இருக்கும். உதவி உண்டு, ஆனால் இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்கிற அளவுக்கு இல்லை. எண்ணெயில் பொரித்தால் கதையே வேறு. தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் எண்ணெய் புகுந்து, வேகவைத்தால் 100 கிராமுக்கு 87 ஆக இருக்கும் கலோரி 300க்கு மேல் தாவிவிடும். 120 டிகிரிக்கு மேல் சூடேறும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற பொருளும் உண்டாகிறது, 2002இல் ஸ்வீடனில் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். வேகவைத்தால் அது உண்டாவதில்லை. உருளைக்கிழங்கின் மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி வாணலிக்குச் சேர வேண்டியது.

இங்கே ஒன்றை விடாமல் சொல்லிவிடுகிறேன். பச்சை நிறம் என்றாலே சத்து என்ற எண்ணம் கிழங்கில் ஆபத்தாக முடியும். வெளிச்சத்தில் கிடந்த உருளைக்கிழங்கின் தோல் பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். கிழங்கு என்பது உண்மையில் மண்ணுக்குள் பருத்த தண்டு, வெயில் பட்டதும் அது பச்சையம் உண்டாக்கத் தொடங்குகிறது. அந்தப் பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன் என்ற கசப்பு நஞ்சும் கூடுகிறது. வேகவைத்தாலும் அது அழியாது. கொஞ்சமாகப் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியுங்கள். நிறையப் பச்சையாக இருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ முழுசாக எறிந்துவிடுங்கள். இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

தழையிலும் கவனம் வேண்டிய ஓர் இடம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தழையின் அளவைத் திடீரென்று மாற்றக்கூடாது. அந்த மருந்து வைட்டமின் கேயின் வேலையைத் தடுத்துத்தான் பலன் தருகிறது. 100 கிராம் தழையை அரைத்துச் சாறாகக் குடித்தால் ஒரே மடக்கில் 310 மைக்ரோகிராம் உள்ளே போய்விடும். தழையை அறவே நிறுத்த வேண்டியதில்லை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும், மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். இதே சாறு உடலில் சேர்ந்த உலோக நச்சையெல்லாம் வெளியேற்றும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மனிதர்களிடம் அது நிறுவப்படவில்லை, அதற்காக நம்பிக் குடிக்காதீர்கள்.

கிழங்கில் எல்லாமே வெள்ளை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரஞ்சு நிறச் சதை உள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 100 கிராமுக்கு வைட்டமின் ஏ 700 மைக்ரோகிராம் இருக்கிறது, கொத்தமல்லித் தழையைப் போல இரண்டு மடங்கு. இலைக்குத்தான் கரோட்டின் என்ற வாதம் அங்கே எடுபடாது. வெள்ளைச் சதை உள்ள வகையில் அது மிகக் குறைவு. தழைகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பார்ஸ்லியில் 100 கிராமுக்கு 133 மில்லிகிராம் வைட்டமின் சி, கொத்தமல்லியைப் போல ஐந்து மடங்கு. 10 கிராம் போட்டாலே 13 மில்லிகிராம் கிடைத்துவிடும்.

சரி, தட்டில் என்ன செய்வது? கிழங்கை வைத்துக்கொள்ளுங்கள், தழையின் அளவைக் கூட்டுங்கள். கரோட்டினும் வைட்டமின் கேயும் கொழுப்பில் கரைகிறவை, கொழுப்பு இல்லாவிட்டால் குடல் அவற்றைச் சரியாக உறிஞ்சாது. உருளைக்கிழங்கில் கொழுப்பு 100 கிராமுக்கு 0.1 கிராம்தான், தழையிலும் அரை கிராம்தான். ஆகவே வெந்த கிழங்கில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்து, அதன்மேல் தழையைப் போடுங்கள். தழையின் இரும்பு தாவர இரும்பு என்பதால் உடலில் எளிதாகச் சேராது. கிழங்கின் வைட்டமின் சி அது சேர உதவும்.

தழையைக் கடைசியில் போடுவது மணத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் அழியும். நறுக்கி வைத்த தழை மணிக்கணக்கில் கிடந்தால் கத்தி பட்ட விளிம்பெல்லாம் கறுத்துப்போகும், சத்தும் மணமும் சேர்ந்தே போகும். சாப்பிடுவதற்குச் சற்று முன்பாக நறுக்குங்கள். பச்சையாக உண்பது என்பதால் ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள், காம்புகளின் அடியில்தான் மண் ஒட்டியிருக்கும். இளங்காம்பை எறிய வேண்டாம், மணம் அதில் நிறைய இருக்கிறது. வைட்டமின்களுக்கு மட்டும் இலைதான் முக்கியம்.

வீட்டில் ஒருவருக்குக் கொத்தமல்லி சோப்பு மாதிரி நாறுகிறது என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். தழையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள் சோப்பிலும் உண்டு. அந்த மணத்தை அழுத்தமாக உணர்வதோடு தொடர்புடைய ஒரு மரபணு வேறுபாட்டை 2012இல் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குப் புதினாவோ வேறு ஏதாவது பச்சை இலையோ போடுங்கள், வைட்டமின் கே அதிலும் வந்துவிடும்.

அளவு கேட்டால், ஒரு வேளைக்கு ஒரு நடுத்தரக் கிழங்குக்கு இரண்டு கைப்பிடித் தழை என்று தொடங்குங்கள், 15 முதல் 20 கிராம் வரும். ஒரு வாரம் தராசில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கை தானாகவே அளவைச் சொல்லிவிடும்.